இரவு, இடிமேகம், சின்ன விமானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானி உரிமத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வானிலைப் பாடம் எடுத்து வருகிறேன். ஒவ்வொரு வருடமும் சித்திரையில் கோடை இடி தொடங்கியதும் அதே சந்தேகங்கள் திரும்ப வரும். பாதி வகுப்பில் வரும், மீதி நள்ளிரவு வாட்ஸ்அப்பில். சில சமயம் பிள்ளைகளின் அப்பா அம்மாவே போன் செய்து கேட்பார்கள். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன்.

சார், சின்ன விமானம்னா எதைச் சொல்றீங்க?

பெரும்பாலும் ஒற்றை இன்ஜின் வைத்த, நான்கைந்து பேர் உட்காரும் விமானம். பயிற்சிப் பள்ளிகளில் நீங்கள் ஓட்டும் செஸ்னா 172 நல்ல உதாரணம். அதைவிடப் பெரிய ஏர் ஆம்புலன்ஸ் விமானங்களுக்கும், ஹெலிகாப்டர்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

இடிமேகத்துக்குள்ள அப்படி என்னதான் இருக்கு? மழைதானே?

மழை அதில் சின்னப் பங்குதான். உள்ளே காற்று மேலேயும் கீழேயும் ஓடுகிறது. கடுமையான இடிமேகத்தில் மேலெழும் காற்றின் வேகம் நிமிடத்துக்கு 6000 அடியைத் தாண்டும். உங்கள் 172 முழு பவரில் ஏறுவது நிமிடத்துக்கு 700 அடி அளவில். அதாவது விமானம் மேலே போகிறதா கீழே போகிறதா என்பதை அந்த நேரத்தில் நீங்கள் தீர்மானிக்கவில்லை, மேகம் தீர்மானிக்கிறது. மேலெழும் ஓட்டமும் கீழிறங்கும் ஓட்டமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்குள் நுழையும் அந்த எல்லையில்தான் இறக்கைக்கு மேல் மிகப் பெரிய பாரம் விழுகிறது.

இதோடு ஆலங்கட்டி, உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் திரவமாகவே மிதந்து விமானத்தின் மேல் பட்டதும் பனியாக ஒட்டும் நீர்த்துளிகள், மின்னல், சட்டென்று ஏறி இறங்கும் காற்றழுத்தம் எல்லாம் உண்டு. அழுத்தம் மாறினால் உயரமானி தவறான உயரத்தைக் காட்டும்.

இதெல்லாம் யாரோ ஊகித்துச் சொன்னதில்லை. 1946, 1947 ஆண்டுகளில் அமெரிக்காவில் ஃபுளோரிடாவிலும் ஒஹாயோவிலும் பி-61 என்ற போர் விமானங்களை இடிமேகங்களுக்குள்ளேயே ஓட்டி அளந்து பார்த்தார்கள். ஹொரேஸ் பையர்ஸ், ராஸ்கோ பிராம் என்ற இருவர் அந்த ஆய்வை எழுதினார்கள். மேகம் வளர்வது, முதிர்வது, கரைவது என்று நீங்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் மூன்று கட்டங்களும் அங்கிருந்து வந்தவைதான்.

மேகம் அதே மேகம்தானே? ராத்திரியானா என்ன வித்தியாசம்?

மேகம் மாறுவதில்லை, உங்களிடம் இருப்பது குறைகிறது. பகலில் காலிஃப்ளவர் மாதிரிப் பொங்கும் மேகத்தை ஐம்பது மைலிலிருந்தே பார்த்து ஒதுங்கலாம். அடியில் தொங்கும் மழைத்திரை தெரியும், மேலே பட்டடைக்கல் மாதிரிப் பரந்த தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் தெரியும். இரவில் இவை எதுவும் இல்லை. நிலா இல்லாத இரவில் கறுப்பு வானத்தில் கறுப்பு மேகம் நிற்கும், அதற்குள் நுழைந்த பிறகுதான் நுழைந்தது தெரியும்.

இன்னொன்று அடிவானம். நம் காதுக்குள் மூன்று அரைவட்டக் குழாய்களில் இருக்கும் திரவம்தான் உடம்பு திரும்புவதை மூளைக்குச் சொல்கிறது. சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். நின்ற பிறகும் உலகம் சுற்றும், கால் ஒரு பக்கம் இழுக்கும். அந்தத் திரவம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதுதான் காரணம். விமானத்தில் இது தலைகீழாகவும் நடக்கும். மெதுவாகத் தொடங்கிய திருப்பம் இருபது விநாடி போல நீடித்தால் காது அதற்குப் பழகிவிடும், நேராகப் போகிற மாதிரியே இருக்கும். அப்போது விமானத்தை உண்மையிலேயே நேராக்கினால் எதிர்ப்பக்கம் சாய்கிற மாதிரித் தோன்றும். உடனே பழைய சாய்வுக்கே கை திரும்பப் போகும். மூக்கு கீழே விழும், வேகம் ஏறும், வளையம் இறுகும்.

பகலில் கண் இதைத் திருத்திவிடும். இரவில் அதற்கும் வழியில்லை. 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரை அடிவானம் தெரியாத நிலையில் ஓட்ட வைத்துப் பார்த்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 விநாடி. அந்தச் சோதனையில் காற்றின் குலுக்கல் இல்லை, மின்னல் இல்லை.

மின்னல் ராத்திரியில நல்லாத் தெரியுமே! அது நமக்கு வசதிதானே?

பாதி சரி. இரவில் மின்னலை நூறு மைலுக்கு அப்பாலிருந்துகூடப் பார்க்கலாம். அந்தத் திசையில் இடிமேகம் உண்டு என்ற எச்சரிக்கையாக அதை எடுத்துக்கொள்ளுங்கள். விடாமல் பளிச்சிட்டால் அந்த மேகம் கடுமையானது என்று வைத்துக்கொள்ளலாம்.

தூரத்தை மட்டும் அதை வைத்துக் கணக்கிடாதீர்கள். பளிச்சென்று ஒரு பக்கம் முழுவதும் வெளுக்கும்போது அது 20 மைலா 80 மைலா என்று கண்ணால் சொல்ல முடியாது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுகிற பழக்கமும் இன்ஜின் சத்தத்தில் உதவாது. அப்புறம், மின்னாத மேகமும் உண்டு. இப்போதுதான் வளர்ந்துகொண்டிருக்கும் மேகம் மின்னாது, ஆனால் மேலெழும் காற்று அதில் முழு வேகத்தில் இருக்கும். தூரத்து மின்னலைப் பார்த்து ஒதுங்கும்போது பக்கத்தில் இருட்டாக நிற்கும் இந்த இளம் மேகத்துக்குள் போய்விடுவதுதான் நான் அதிகம் பயப்படுவது.

இதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு. கீழே ஊர் விளக்குகளைக் கவனித்துக்கொண்டே இருங்கள். முன்னால் தெரிந்த விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கினாலோ மறைந்தாலோ உங்களுக்கும் அந்த ஊருக்கும் நடுவில் மேகமோ மழையோ வந்துவிட்டது என்று அர்த்தம். கடல் மேலும் காட்டுக்கு மேலும் இது பலிக்காது. மீன்பிடிப் படகு விளக்கு நட்சத்திரம் மாதிரியே தெரியும்.

மின்னல் அடிச்சா விமானம் விழுந்துடுமா?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். உலோக உடல் கொண்ட விமானத்தில் மின்சாரம் வெளித்தோல் வழியாகவே ஓடி வெளியேறும், உள்ளே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ரேடியோவோ திசைகாட்டியோ கெடலாம், இறக்கை நுனியில் ஓட்டை விழலாம்.

விமானியின் கண்தான் எனக்குக் கவலை. இருட்டுக்கு முழுதாகப் பழகக் கண்ணுக்கு அரைமணி நேரம் போல ஆகும். அருகில் ஒரு மின்னல் அடித்தால் அந்தப் பழக்கம் ஒரு நொடியில் போய்விடும். கருவிகளைப் படிக்கவே வேண்டிய நேரத்தில் சில விநாடிகள் எதுவும் தெரியாது.

எவ்வளவு தூரம் தள்ளிப் போனா பாதுகாப்பு?

கடுமையான இடிமேகம் என்றாலோ, ரேடாரில் அடர்த்தியாகத் தெரிந்தாலோ, குறைந்தது 20 மைல் விலகச் சொல்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம். விமானிகள் கணக்கில் அது கடல் மைல், சுமார் 37 கிலோமீட்டர். இவ்வளவு எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். மேகத்தின் பரந்த தலைக்குக் கீழே, மழையே இல்லாத இடத்தில்கூட, மேலிருந்து வீசப்பட்ட ஆலங்கட்டி பல மைல் தள்ளி விழும். மழைக்கு முன்னால் ஓடிவரும் குளிர்ந்த காற்றும் பதினைந்து மைல்வரை முந்திக்கொண்டு வரும். அந்தக் காற்று நமக்குத் தெரிந்ததுதான். கோடையில் மழைக்குக் கால்மணி முன்னால் திடீரென்று ஜன்னல் கதவெல்லாம் அடித்துக்கொள்ளுமே, அதுதான்.

இரவில் நான் இன்னும் கூட்டியே சொல்வேன், ஏனென்றால் மேகத்தின் விளிம்பு எங்கே என்பதே நம் ஊகம்தான்.

மேல ஏறிப் போயிடலாமே? இல்லைன்னா அடியில புகுந்து?

செஸ்னா 172 ஏறக்கூடிய உச்ச உயரம் சுமார் 14,000 அடி. நம் பக்கத்து இடிமேகத்தின் தலை 50,000 அடியையும் தாண்டும். மேலே போவது என்ற பேச்சே இல்லை.

அடியில் போவது அதைவிடக் கவர்ச்சியான யோசனை. மறுபக்கம் ஊர் விளக்குகூடத் தெரியும். தெரிந்தாலும் போகாதீர்கள். மேகம் தன் காற்றைக் கொட்டும் இடமே அந்த அடிவயிறுதான். அங்கே உங்களுக்கும் தரைக்கும் நடுவில் மிச்சமிருப்பது ஆயிரம், இரண்டாயிரம் அடி. அந்த இருட்டில் மலையும் கோபுரமும் வேறு உண்டு.

ரெண்டு மேகத்துக்கு நடுவுல இடைவெளி இருந்தா?

இரண்டு பக்கமும் 20 மைல் வேண்டுமென்றால் அந்த இடைவெளி 40 மைல் இருக்க வேண்டும். இளம் மேகம் வளர்வது அத்தகைய இடைவெளிகளில்தான், பத்து நிமிடத்தில் வாசல் மூடிவிடும். ஒரு பகுதியில் பத்தில் ஆறு பங்கு இடிமேகம் என்றால் அந்தப் பகுதியையே சுற்றிப் போகச் சொல்கிறது அதே நிர்வாகத்தின் அறிவுரை. ஊடே வழி தேடச் சொல்லவில்லை.

டேப்லெட்ல ரேடார் படம் லைவா வருதே சார், அதைப் பாத்து வளைஞ்சு போனா என்ன?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இதைக் கேட்கிறார்கள். அந்தப் படம் லைவ் கிடையாது. தரையில் பல ரேடார்கள் சுற்றி முடிக்க வேண்டும், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக ஒட்ட வேண்டும், பிறகு உங்களுக்கு அனுப்ப வேண்டும். படத்தின் மூலையில் "1 நிமிடம்" என்று இருந்தால் ஒட்டி முடித்து ஒரு நிமிடம் ஆகிறது என்றுதான் அர்த்தம். உள்ளே இருக்கும் மழை அதைவிடப் பழையது. மோசமான நிலையில் காட்டப்படும் வயதைவிட 15 முதல் 20 நிமிடம்வரை பழையதாக இருக்கலாம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் எச்சரித்தது.

அந்த எச்சரிக்கையில் சொல்லப்பட்ட ஒரு விபத்து 2010 மார்ச் 25 அன்று டென்னிசியில் பிரவுன்ஸ்வில் அருகே நடந்தது. மருத்துவ ஹெலிகாப்டர், விடியாத ஆறு மணி. நோயாளியை ஜாக்சன் மருத்துவமனையில் இறக்கிவிட்டாயிற்று, அவசரமே இல்லை. புயலுக்கு முன்னால் தளத்துக்குத் திரும்ப 18 நிமிடம் போல இருக்கிறது என்று விமானி கணக்கிட்டார். திரையில் வந்திருக்கக்கூடிய படம் ஒரு நிமிடம் பழையது என்று காட்டியிருக்கும், உண்மையில் ஐந்து நிமிடம் பழையது. படத்தில் சில மைல் தள்ளி இருந்த மேகம் அப்போது தளத்தின் மேலேயே வந்துவிட்டிருந்தது. விமானியும் இரண்டு செவிலியர்களும் இறந்தார்கள்.

டேப்லெட் படத்தை "இந்தப் பக்கமே போக வேண்டாம்" என்று முடிவெடுக்கப் பயன்படுத்துங்கள். மேகங்களுக்கு நடுவே சந்து தேட அதைப் பயன்படுத்தாதீர்கள்.

விமானத்துலயே ரேடார் இருந்தா அது லைவ்தானே?

லைவ்தான், ஆனால் அதற்கு வேறொரு குறை. பலத்த மழை ரேடார் அலையைக் குடித்துவிடும். முதல் மேகத்துக்குப் பின்னால் இருப்பது திரையில் வராது, கறுப்பாக, திறந்த வழி மாதிரித் தெரியும். 1977 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பயணிகள் ஜெட் விமானம் அப்படித்தான் புயலின் நடுவுக்கே போனது. உள்ளே போன மழையும் ஆலங்கட்டியும் இரண்டு இன்ஜின்களையும் நிறுத்திவிட்டன. பெரிய டிசி-9 விமானத்துக்கே அந்தக் கதி. பயிற்சி விமானங்களில் எப்படியும் ரேடார் இருப்பதில்லை.

ஏடிசி பாத்துக்கிட்டே இருப்பாங்களே, அவங்க சொல்ல மாட்டாங்களா?

ஏடிசி என்பது தரையிலிருந்து ரேடியோவில் விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டு நிலையம். ஸ்காட் கிராஸ்ஃபீல்ட் என்பவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒலியின் இரண்டு மடங்கு வேகத்தில் முதலில் பறந்த மனிதர், 1953இல். 2006 ஏப்ரல் 19 அன்று, 84 வயதில், தன் செஸ்னா 210இல் அலபாமாவிலிருந்து வர்ஜீனியாவுக்குப் போகும்போது ஜார்ஜியாவில் இடிமேகத்துக்குள் நுழைந்து இறந்தார். பகல் நேரம், ஏடிசியோடு தொடர்பும் இருந்தது. வழியில் புதிய வானிலைத் தகவலை அவர் வாங்கவில்லை, கட்டுப்பாட்டாளரும் மேகத்தைத் தவிர்க்க உதவவில்லை என்று இரண்டையும் காரணமாகச் சொன்னது விசாரணை.

கட்டுப்பாட்டாளரின் முதல் வேலை விமானங்களை ஒன்றோடொன்று மோதாமல் பிரிப்பது. அவர் திரையில் வானிலை முழுதாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. நீங்களே கேளுங்கள்: என் முன்னால் மழை தெரிகிறதா, எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் விலகலாம். கேட்க வெட்கப்படாதீர்கள். அவ்வளவு பெரிய விமானிக்கே நேர்ந்தது என்பதை வைத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் பறந்த மணிக்கணக்கு மேகத்துக்குத் தெரியாது.

இந்தியாவுல ராத்திரி சின்ன விமானம் பறக்கவே விடமாட்டாங்களே, அப்புறம் எதுக்கு இதெல்லாம்?

கண்ணால் பார்த்து ஓட்டும் முறையில் இரவில் ஊர் விட்டு ஊர் போகப் பொதுவாக அனுமதி இல்லை, உண்மை. அமெரிக்காவில் உண்டு. ஆனால் இந்தியாவிலும் ஏடிசி அனுமதியோடு இரவில் பயிற்சிப் பறப்பு நடக்கிறது. வணிக விமானி உரிமத்துக்கு 5 மணி நேர இரவுப் பறப்பு வேண்டும், அதில் பத்து முறை ஏறி இறங்க வேண்டும். அப்புறம், கருவிகளை நம்பி ஓட்டும் சிறிய விமானங்கள் இரவிலும் போகின்றன.

2011 மே 25 இரவு பாட்னாவிலிருந்து டெல்லிக்கு ஒரு நோயாளியை ஏற்றி வந்த பிலேட்டஸ் பிசி-12, ஒற்றை இன்ஜின் விமானம், ஃபரிதாபாத்தில் வீடுகளின் மேல் விழுந்தது. உள்ளே இருந்த 7 பேரும் கீழே இருந்த 3 பேரும் இறந்தார்கள். வானிலையின் தாக்கம், விமானக் கட்டுப்பாட்டைத் தவறாகக் கையாண்டது, திசை உணர்வு குழம்பியது, இவற்றில் ஒன்றோ மூன்றும் சேர்ந்தோ காரணமாக இருக்கலாம் என்றது அறிக்கை. தட்டாமாலை பற்றி மேலே இவ்வளவு சொன்னது இதற்காகத்தான். மேகம் விமானத்தை நேரடியாக உடைக்க வேண்டும் என்றில்லை. தூக்கிக் குலுக்கி விமானியின் காதைக் குழப்பினாலே போதும்.

நோயாளி உயிருக்குப் போராடும்போது காத்திருக்கச் சொல்றது நியாயமா?

ஒரு அம்மா கேட்டார், அவருக்குப் பதில் சொல்ல எனக்குச் சிரமமாக இருந்தது. நியாயம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். பறக்கலாமா என்று முடிவெடுக்கும் விமானிக்கு நோயாளியின் நிலைமையைச் சொல்லவே கூடாது என்பது என் கருத்து. அவருக்குத் தெரிய வேண்டியது எங்கிருந்து எங்கே, எத்தனை பேர், என்ன எடை. குழந்தை என்று தெரிந்துவிட்டால் எந்த மனிதருக்கும் இருபது மைல் பத்து மைலாகச் சுருங்கிவிடும்.

இருட்டினா இடிமழை அடங்கிடும்னு சொல்றாங்களே?

நிலத்தின் மேல், வெயில் சூட்டில் பிறந்த தனி மேகங்கள் பெரும்பாலும் மாலையில் உச்சத்துக்குப் போய் இரவில் கரையும். அதை மட்டும் நம்பக் கூடாது. வங்காளம், பீகார் பக்கம் சித்திரை, வைகாசியில் வரும் கால்பைசாகி என்ற இடிமழைப் புயல் மாலையில் தொடங்கி இரவிலும் வரிசையாக ஓடும். அமெரிக்கச் சமவெளியில் கூட்டமாகச் சேரும் இடிமேகங்கள் இரவில்தான் வலுக்கின்றன. நம் கடற்கரையிலோ ஐப்பசி, கார்த்திகையில் விடியற்காலை மழை எல்லோருக்கும் தெரிந்ததே.

தெரியாம உள்ள மாட்டிக்கிட்டா திரும்பி வந்துடலாமா?

திரும்பாதீர்கள். திருப்பத்தில் இறக்கைக்குப் பாரம் கூடும், மேகத்துக்குள் இருக்கும் நேரமும் கூடும், காதுக் குழப்பமும் கூடும். நேராகப் போனால் வெளியே வர வாய்ப்பு அதிகம். காக்பிட் விளக்குகளை முழு வெளிச்சத்தில் வையுங்கள், மின்னல் பளிச்சிட்டாலும் கண் அவ்வளவாகக் கூசாது. பெல்ட்டை இறுக்குங்கள். வேகத்தை அளக்கும் குழாயில் பனி அடைக்காமல் சூடாக்கும் பிட்டோ ஹீட்டைப் போடுங்கள். ஆட்டோபைலட்டில் உயரத்தையும் வேகத்தையும் பிடித்து நிறுத்தும் பகுதியை விலக்குங்கள். விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவியான செயற்கை அடிவானத்தை மட்டும் பார்த்து இறக்கையைச் சமமாக வையுங்கள். உயரம் ஏறி இறங்கட்டும், அதைத் துரத்தாதீர்கள்.

வேகத்தை முன்கூட்டியே குறைத்து வைக்க வேண்டும். 172எஸ் வகையில் முழு எடையான 2550 பவுண்டில் 105 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), 1900 பவுண்டில் 90 நாட். எடை குறைந்தால் வேகத்தையும் ஏன் குறைக்க வேண்டும் என்று வகுப்பே குழம்பும் இடம் இது. ஒரே வேகத்தில் லேசான விமானத்தைக் காற்று சுலபமாகத் தூக்கி எறியும். இறக்கை தன் பிடியை விடும் முன்பே, அதாவது தூக்கும் சக்தியை இழக்கும் முன்பே, பாரம் வரம்பைத் தாண்டிவிடும். மெதுவாகப் போனால் உடைவதற்கு முன் இறக்கை பிடியை விட்டுவிடும், அது தப்பிக்கும் வழி.

ரன்வே விளக்கு பளிச்சுன்னு தெரியுது, இடி பத்து கிலோமீட்டர் தள்ளி. இறங்கிடலாமா?

வானிலை அறிக்கையில் "விசிடிஎஸ்" என்று வந்தால் நிலையத்திலிருந்து சுமார் 8 முதல் 16 கிலோமீட்டரில் இடி என்று பொருள். தூரமாகத் தோன்றும். ஆனால் மேகத்திலிருந்து தூண் மாதிரி இறங்கும் குளிர்ந்த காற்று தரையில் மோதி எல்லாப் பக்கமும் சிதறும். நான்கு கிலோமீட்டருக்குள் அடங்கும், ஐந்து முதல் பதினைந்து நிமிடம் இருக்கும், ரேடாரில் தப்பிவிடும். உள்ளே நுழைந்ததும் எதிர்க்காற்று, வேகம் ஏறும், பழகாத விமானி பவரைக் குறைப்பார். அடுத்து விமானம் கீழே அழுத்தப்படும். அதற்கடுத்து பின்காற்று, வேகம் விழும். எதிர்க்காற்று 45 நாட், பின்காற்றும் 45 நாட் என்றால் மொத்த மாற்றம் 90 நாட். நீங்கள் இறங்கும் வேகமே 65 நாட்தான்.

பகலில் புழுதி பறப்பதையும் மரம் வளைவதையும் பார்த்து விலகலாம். இரவில் விளக்கு அழகாக எரிந்துகொண்டிருக்கும், காற்று தெரியாது. இறங்க வேண்டாம். வேறு நிலையத்துக்குப் போக எரிபொருள் வைத்துக்கொண்டே கிளம்புங்கள்.

சரி, தரையில இருந்தா எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?

தனி மேகமென்றால் பிறந்து கரைய ஒரு மணி நேரம் போல. கூட்டமாக வந்தால் ஒன்று கரைய இன்னொன்று பிறக்கும், இரவு முழுவதும்கூட ஆகலாம். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் பொறுங்கள், பிறகு புதிய அறிக்கையும் ரேடார் படமும் வாங்குங்கள். சென்னையில் 2002 முதல் டாப்ளர் ரேடார் இருக்கிறது, வானிலைத் துறை தளத்தில் யாரும் பார்க்கலாம். மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று இரண்டு மூன்று படங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிளம்பும் முன் விமானத்தை டார்ச் அடித்து முழுதாகச் சுற்றிப் பாருங்கள். கட்டிய கயிறு காற்றில் இழுபட்டிருந்தால் சுக்கான், வால் கீல்கள் வளைந்திருக்கலாம். பலத்த மழையில் எரிபொருள் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கும். தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டுங்கள். அடியில் தண்ணீர் தனியாகக் குமிழாக நின்றால், குமிழ் வராத வரை திரும்பத் திரும்ப வடியுங்கள்.